பேசாமல் படியேறிய ஏலக்காரர்

என் வீட்டுக்காரரை மொத்தக் காய்கறிச் சந்தையில் எல்லோரும் சைரன் என்றுதான் கூப்பிடுவார்கள். பெற்றவர்கள் வைத்த பெயரைச் சொல்லிக்கொண்டு யாராவது அவரைத் தேடி அங்கே போனால், பொழுது சாயும்வரை தேடிக்கொண்டே இருக்க வேண்டியதுதான். வெங்காயமும் உருளைக்கிழங்கும் ஏலம் விடுவது அவர் வேலை. லாரி வந்து நின்றதும் மூட்டைகளின் மேல் ஏறி நின்று வாயைத் திறப்பார். சந்தைக்கு வெளியே டீக்கடையில் நிற்கிறவர்களுக்குக்கூட அன்றைய வெங்காய விலை தெரிந்துவிடும். வியாபாரிகள் சங்கம் மைக் வாங்கித் தருவதாகச் சொன்னபோது முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு ஒரு நாள் முழுக்க வீட்டில் உட்கார்ந்திருந்தார். "என் தொண்டைக்கு என்ன குறைச்சல்?" என்று என்னிடம் கேட்டார். நான் அந்தச் சங்கத்தில் இருந்தேனா என்ன?

தொண்டைக்கு ஒரு குறைச்சலும் இல்லை. நுரையீரல்தான் கெட்டுப்போயிருந்தது. மீசை முளைப்பதற்கு முன்பே சிகரெட் பிடிக்க ஆரம்பித்தவர். அதன் மேல் சாக்குத் தூசி, வெங்காயச் சருகு, லாரிப் புகை. முதலில் இருமல் வந்தது. பிறகு மூட்டை மேல் ஏறுவதற்கே மூச்சு வாங்கியது. கடைசியில் ஒரு காய்ச்சல் வந்து நெஞ்சில் இறங்கி, ஆஸ்பத்திரியில் மூக்கில் குழாயோடு படுத்துவிட்டார். இது வந்த வழியே போகிற வியாதி இல்லை, கூடவே வைத்துக்கொண்டு வாழ வேண்டிய நுரையீரல் வியாதி என்று டாக்டர் பக்குவமாகச் சொன்னார். சிகரெட்டை அன்றைக்கே விட்டார். அதற்கு மட்டும் நான் அவரைப் பாராட்டித்தான் ஆக வேண்டும்.

எங்கள் வீடு மூன்றாவது மாடியில். லிப்ட் கிடையாது. ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய அன்று, சந்தையில் மூட்டை தூக்குகிற இரண்டு பேர் வந்து, ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் அவரை உட்கார வைத்து மேலே தூக்கிக்கொண்டு போனார்கள். நல்ல மனதோடுதான் தூக்கினார்கள். "சைரன் அண்ணே, உருளைக்கிழங்கு மூட்டைக்கு நீங்க எவ்வளவோ தேவலை" என்று அவரைச் சிரிக்க வைக்கப் பார்த்தார்கள். அவர் சிரிக்கவில்லை. ஒவ்வொரு மாடியிலும் ஆட்கள் கதவைத் திறந்து பார்த்தார்கள். அவர் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டார்.

அதன் பிறகு பல மாதங்கள் அவர் கீழே இறங்கவே இல்லை. பார்க்க வந்தவர்கள் எல்லோரும் ஒரே மாதிரிதான் சொன்னார்கள். "அசைய விடாதீங்க. மூச்சு வாங்கும்." தண்ணீர் டம்ளரைக்கூட அவர் கைக்கே கொண்டுபோய்க் கொடுத்தோம். கட்டிலுக்கும் ஜன்னலுக்கும் நடுவில் அவர் உலகம் சுருங்கிப்போனது. குளித்துவிட்டு வந்தால் துண்டைக்கூடப் பிழிய முடியாமல் கட்டிலில் சாய்ந்து கிடப்பார். கால் இரண்டும் குச்சியாகிவிட்டன.

மகன் வேறு ஊரில் வேலை பார்க்கிறான். தன் வீட்டுக்குப் பின்னால் தரைத்தளத்தில் ஓர் அறை காலியாகப் போகிறது என்று தெரிந்து, வீட்டு ஓனரிடம் பேசி வைத்துவிட்டான். "மழை முடியட்டும்மா. வண்டி கொண்டுவந்து கூட்டிட்டுப் போறேன். அப்பாவால இனிமே மாடி ஏற முடியாது" என்றான். தங்கமான பிள்ளைதான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் நான் தையல்காரி. எங்கள் வீட்டு ஜன்னலோரம் என் மெஷின் இருக்கிறது. காலை முதல் சாயங்காலம்வரை அங்கே நல்ல வெளிச்சம் விழும். இந்தத் தெருவில் பாதிப் பெண்களின் உடம்பளவு எனக்கு மனப்பாடம். கல்யாணத்துக்கு முன் இருந்த இடுப்பும் தெரியும், இப்போது இருக்கிற இடுப்பும் தெரியும். இதையெல்லாம் விட்டுவிட்டு, யாரையும் தெரியாத ஊரில் பின்கட்டு அறையில் பேரனுடைய டவுசருக்குப் பட்டன் தைத்துக்கொண்டு கிடக்க எனக்குக் கொஞ்சமும் இஷ்டமில்லை. அவர் படியேறினால் இந்த வீடு. இல்லையென்றால் மகனுடைய ஊர். வேறு வழி இல்லை.

மருந்து வாங்க நான் மட்டும் போயிருந்தபோது டாக்டர் கேட்டார். "அவர் எங்கேம்மா?" படுத்திருக்கிறார் என்றேன். டாக்டருக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "படுக்கப் படுக்கத்தான் மூச்சு வாங்கும். பின்பக்கக் கட்டிடத்துல இந்த மாதிரி நோயாளிகளுக்கு உடற்பயிற்சி வகுப்பு நடக்குது. கொண்டுவந்து சேருங்க" என்றார்.

வீட்டுக்கு வந்து சொன்னேன். "மூச்சு விடறதுக்கே நாக்குத் தள்ளுது. இதுல எக்சர்சைஸ் ஒண்ணுதான் குறைச்சலா?" என்றார்.

"சரிங்க. அப்போ பையனுக்குப் போன் போட்டு வண்டி கொண்டுவரச் சொல்லிடறேன்" என்றேன்.

 அவர் சட்டையை எடுத்து மாட்டினார்.

இறங்குவது பெரிய பாடில்லை. ஏறுவதுதான் பாடு. அதற்காக ஒவ்வொரு மாடித் திருப்பத்திலும் ஒரு ஸ்டூல் போட்டேன். முதல் நாள் வகுப்பு முடிந்து மேலே வந்து சேர்வதற்குள் நான் வைத்துவிட்டுப் போன சோறு ஆறிப்போய்விட்டது. இரண்டாவது மாடியில் ஒரு ரிடையர்டு பேங்க்காரர் இருக்கிறார். எதிலும் குற்றம் கண்டுபிடிக்கிற ஆள். "பொது வழியில ஸ்டூல் போட்டா இடிச்சுக்க மாட்டாங்களா?" என்று கேட்டார். "உங்க வயித்தைவிட அது சின்னதுதான் சார்" என்று சொல்லிவிட்டேன். மறுநாள் பார்த்தால், ஸ்டூலை எடுத்துவிட்டு, சாய்மானம் உள்ள தன் வீட்டு நாற்காலியை அங்கே போட்டிருந்தார். எனக்குத்தான் வெட்கமாகப் போய்விட்டது.

பயிற்சி அறை ஆஸ்பத்திரித் துணி வெளுக்கிற இடத்துக்குப் பக்கத்தில் இருந்தது. எப்போதும் சோப்பு வாசனை. சுவரோரம் நாற்காலிகள், மணல் நிரப்பிய தண்ணீர் பாட்டில்கள், எங்கேயும் போகாத மூன்று மரப்படிகள், வெளியே நீளமான நடைவழி. நடத்துகிறவர் ஒரு பிசியோதெரபி மேடம். என் மகளாக இருக்கக்கூடிய வயது, ஓட்டப்பந்தயத்துக்குப் போகிற மாதிரி ஷூ. என் வீட்டுக்காரர் உள்ளே நுழைந்ததுமே கேட்டார்: "இதெல்லாம் பண்ணா என் நுரையீரல் சரியாயிடுமா மேடம்?"

"ஆகாது ஐயா. போன நுரையீரல் போனதுதான்" என்றார் அந்தப் பெண். பூசி மெழுகவில்லை. "ஆனா உங்க காலும் கையும் சோம்பேறியாயிடுச்சு. சோம்பேறிக் காலுக்கு நிறைய காத்து வேணும். பழக்கிட்டோம்னா இருக்கிற காத்தே போதும்."

அந்தப் பெண்ணை எனக்கு அப்போதே பிடித்துவிட்டது.

நாற்காலியில் உட்கார்ந்து எழுந்திருப்பது, பாட்டிலைத் தூக்கி இறக்குவது, மரப்படியில் ஏறி இறங்குவது, நடைவழியில் நடப்பது. அவ்வளவுதான் பயிற்சி. மூக்கால் காற்றை இழுத்து, சூடான காபியை ஊதுகிற மாதிரி உதட்டைக் குவித்து மெதுவாக விட வேண்டும். நடக்கும்போது யாருக்கு எவ்வளவு முடிகிறது என்று பார்க்க மேடம் ஒரு வழி வைத்திருந்தார். பக்கத்தில் நடந்துகொண்டே பேச்சுக் கொடுப்பார். ஒரு வாக்கியத்தை முழுசாகச் சொல்ல முடிந்தால் அந்த வேகம் சரி. வார்த்தை வார்த்தையாக உடைந்தால் வேகம் அதிகம், நிறுத்த வேண்டும்.

எல்லோருக்கும் சரிப்பட்டு வந்த வழி அது. என் வீட்டுக்காரருக்குத்தான் விஷமாகிப் போனது.

இவர் நடந்துகொண்டே பேசினார், பேசிக்கொண்டே இருந்தார். இருக்கிறவர்களில் நன்றாகத் தேறி வருகிறவர் இவர்தான் என்று மேடம் நினைத்துவிட்டார். "சூப்பர் ஐயா, இன்னும் கொஞ்சம் வேகமா போலாம்" என்று சொல்லச் சொல்ல இவருக்குத் தலைகால் புரியவில்லை. கூடப் பயிற்சிக்கு வருகிற பழைய பஸ் டிரைவர் ஒருவர் பத்தடி நடந்துவிட்டுச் சுவரைப் பிடித்து நிற்பார். அவரைத் தாண்டிப் போகும்போது, "என்ன டிரைவரே, வண்டி பிரேக் டவுனா?" என்று வேறு கேட்பார்.

ஒரு நாள் அப்படித்தான் போய்க்கொண்டிருந்தார். சந்தைக்கு அழுகின உருளைக்கிழங்கு வந்த கதையை மேடத்திடம் சொல்லிக்கொண்டிருந்தார். வாக்கியம் ஒன்றுகூட உடையவில்லை. கதை முடிந்தது, கால் மடங்கியது. நான் ஓடிப்போய்ப் பிடித்தேன். உதடு நாவல்பழ நிறத்தில் இருந்தது. மேடம் அவர் விரலில் கிளிப் போலிருந்த ஆக்சிஜன் மீட்டரை மாட்டிப் பார்த்தார். அந்தப் பெண்ணுடைய முகத்தில் ரத்தம் வற்றிவிட்டது. ஆக்சிஜன் வைத்தார்கள். கொஞ்ச நேரத்தில் அவருக்கு நிறம் திரும்பியது.  போச்சு, எல்லாம் போச்சு, இனி மகன் வீடுதான் என்று என் மனசு அடித்துக்கொண்டது.

அடுத்த வகுப்பில் மேடம் இவரை நடக்க விடவில்லை. எதிரே உட்கார்ந்துகொண்டு, "ஐயா, நீங்க என்ன வேலை பார்த்தீங்க?" என்று கேட்டார். சேர்த்தபோது ‘வியாபாரம்’ என்று சொல்லி வைத்திருக்கிறார் மனுஷன். ஏலம் விடுகிறவர் என்று நான் சொன்னதும், விரலில் மீட்டரை மாட்டி, "எங்கே, கொஞ்சம் ஏலம் விடுங்க பாப்போம்" என்றார்.

இவர் பக்கத்தில் இருந்த டிரைவரை ஏலத்தில் விட்டார். நாலு பல் போன டிரைவர், ஹாரன் நல்லா வேலை செய்யும், பின்னாடி கொஞ்சம் நசுங்கல், யார் கேக்கறா, யார் கேக்கறா என்று ஆரம்பித்து விலை ஏறிக்கொண்டே போனது. அறையில் இருந்த அத்தனை பேரும் சிரித்து, சிரிப்பில் இருமி, இருமலில் மறுபடி சிரித்தார்கள். மேடம் சிரிக்கவில்லை. மீட்டரையே பார்த்துக்கொண்டிருந்தார். எண் இறங்கிக்கொண்டே வந்தது. குரல் இம்மி பிசகவில்லை.

"நிறுத்துங்க ஐயா" என்றார். "மூச்சு தீர்ந்துபோய் ரொம்ப நேரமாச்சு. எப்படிப் பேசறீங்க?"

"ஏலத்துல மூச்சு வாங்க நின்னா வாங்கறவன் யோசிக்க ஆரம்பிச்சுடுவான் மேடம். விலை விழுந்துடும். அதான் காத்து இல்லாட்டியும் ஓட்டிடுவோம்" என்றார் இவர், ஏதோ பெரிய சாதனை மாதிரி.

"உங்க வாயை நம்பி நான் ஏமாந்துட்டேன்" என்றார் அந்தப் பெண். கண் லேசாகக் கலங்கியிருந்தது. "இனிமே நடக்கும்போது நீங்க ஒரு வார்த்தை பேசக் கூடாது. எவ்வளவு மூச்சு வாங்குதுன்னு விரலால காட்டுங்க. ஒண்ணுமே இல்லைன்னா ஒரு விரல், தாங்க முடியலைன்னா பத்து விரல். அஞ்சைத் தாண்டினா உக்காரணும்."

விரலால் விலை காட்டுவது சந்தையில் வாங்குகிறவர்களின் பழக்கம். வாய் பேசாமல் விரலைக் காட்டுவார்கள், முதலில் குறைத்துத்தான் காட்டுவார்கள். இவரும் அதையே செய்தார். தோள் காது வரைக்கும் ஏறி இறங்குகிறது, காட்டுவது மூன்று விரல். பின்னால் வருகிற டிரைவர், இவருக்குத் தெரியாமல், மேடத்தைப் பார்த்து ஏழு விரல் காட்டுவார். ஒரு நாள் இவர் திரும்பிப் பார்த்துவிட்டார்.

"என் மூச்சுக்கு நீ என்னய்யா விலை சொல்றே?"

"நீங்க அடிமாட்டு விலைக்குக் கேட்டா நான் என்னதான் பண்றது?" என்றார் டிரைவர்.

மேடம் இரண்டு பேரையும் விலக்கிவிட்டார். "ஐயா, இங்க நீங்கதான் விக்கிறவர், நீங்கதான் வாங்கறவர். குறைச்சுக் காட்டினா யாரை ஏமாத்தறீங்க?" என்று கேட்டார். இவர் தன் விரல்களையே திருப்பித் திருப்பிப் பார்த்தார். 

அதற்கப்புறமும் உடனே திருந்திவிடவில்லை. ஆனால் ஒரு நாள், யாரும் கேட்காமலே, நடைவழியின் நடுவில் நின்றார். இரண்டு கையையும் தூக்கி ஏழு விரல் காட்டினார். தானே போய் நாற்காலியில் உட்கார்ந்து, உதட்டைக் குவித்து ஊதினார். டிரைவர் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து தோளில் தட்டினார். வீட்டுக்கு வரும் வழியில் இவர் என்னிடம் மெல்லச் சொன்னார்: "கஷ்டமா இருந்தா கஷ்டமா இருக்குன்னு சொல்லலாம் போலிருக்கு. ஒண்ணும் குடி முழுகிடலை."  இத்தனை வருஷமாக இந்த மனுஷன் ‘முடியவில்லை’ என்று யாரிடமும் சொன்னதில்லை, என்னிடமும் சொன்னதில்லை.

பிறகு நாளாக ஆக உடம்பு படிந்தது. தானே குளித்துத் துண்டைப் பிழிந்து காயப்போட்டார். என் துணி மூட்டையை இந்த அறையிலிருந்து அந்த அறைக்குத் தூக்கி வைத்தார். படியில் ஒரு காலை வைக்கும்போது ஊதி, நின்று, மூச்சை இழுத்து, அடுத்த காலை வைத்து, முதல் மாடி ஸ்டூலில் உட்காராமலே தாண்டினார். அந்த ஸ்டூலை நான் வீட்டுக்குள் எடுத்துக்கொண்டேன். துணி வெட்டும்போது உட்கார வசதியாக இருந்தது.

மழை முடிந்தது. மகன் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், சொல்லாமல் கொள்ளாமல் வந்து நின்றான். உள்ளே வந்ததும் கட்டிலைப் பார்த்தான். கட்டில் காலி.

"அப்பா எங்கம்மா?"

"நூல் தீர்ந்துபோச்சு. கடைக்கு அனுப்பியிருக்கேன்."

"தனியாவா?"

தனியாகத்தான். அன்றைக்குத்தான் முதல் தடவை. நான் தைரியமாகத்தான் அனுப்பினேன். ஆனால் மகன் கேட்ட கேள்வியில் அந்தத் தைரியம் ஆட்டம் கண்டது. கடிகாரத்தைப் பார்த்தேன். கடை தெருமுனையில் இருக்கிறது. எவ்வளவு மெதுவாக ஏறினாலும் இந்நேரம் வந்திருக்க வேண்டும். மகன் போன் போட்டான். போன் கட்டிலின் மேல் அடித்தது. நான் மெஷினை அப்படியே விட்டுவிட்டுப் படியில் இறங்கினேன். அவன் எனக்குப் பின்னால் ஓடிவந்தான். ஒவ்வொரு படியிலும் அந்த நாவல்பழ உதடுதான் கண்ணுக்குள் வந்தது.

இரண்டாவது மாடியில் பேங்க்காரர் வீட்டுக் கதவு திறந்திருந்தது. உள்ளே சோபாவில் சாய்ந்து, கையில் டீயோடு, உருளைக்கிழங்கை எப்படிப் பார்த்து வாங்க வேண்டும் என்று இவர் வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தார்.

எனக்கு வந்த கோபத்தை என்னவென்று சொல்ல. வாசலில் நின்றபடியே பிடித்துக்கொண்டேன். "ஏங்க, உங்களுக்குக் கொஞ்சமாவது அறிவிருக்கா? மேலே ஒருத்தி உயிரைக் கையில பிடிச்சுக்கிட்டு நிக்கறா, இங்க உக்காந்து டீ குடிக்கறீங்களா? போனை எதுக்கு வாங்கித் தந்தான் உங்க பையன், கட்டில்ல வச்சு அழகு பாக்கவா?"

"நீதானே நூல் நூல்னு விரட்டினே. போனை எடுக்க எங்க விட்டே?" என்றார் அவர்.

"நான் விரட்டினேனா?"

"பின்னே யாரு, பேங்க்காரரா?"

பேங்க்காரர் டிவியின் சத்தத்தைக் குறைத்துவிட்டு நன்றாகத் திரும்பி உட்கார்ந்தார். மகன் வாயைப் பிளந்து நின்றான். இவர் டம்ளரை வைத்துவிட்டு எழுந்து வெளியே வந்து, படியில் கால் வைத்ததும் என்னைப் பார்த்துக் கையைக் காட்டினார். பொறு என்று. வாயை மூடிக்கொண்டார். ஊதினார், ஒரு படி. நின்றார், இழுத்தார். ஊதினார், அடுத்த படி. மகன் பின்னால் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு வந்தான். "அப்பா, நான் தூக்கிக்கறேம்பா" என்றான். அவர் வேண்டாம் என்று தலையை ஆட்டினார். நான் திட்டுவதை விடவில்லை. கல்யாணமான நாளிலிருந்து சேர்த்து வைத்த எல்லாவற்றையும் அவர் முதுகைப் பார்த்துச் சொல்லிக்கொண்டே ஏறினேன். அவர் ஒரு வார்த்தை பதில் பேசவில்லை. மேலே வந்தார். என் மெஷின் முன்னால் நாற்காலியில் உட்கார்ந்தார். நன்றாக நாலு தடவை ஊதினார். பிறகு, இரண்டாவது மாடியில் நான் ஆரம்பித்ததிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து, ஒன்று விடாமல், முழு முழு வாக்கியமாகப் பதில் சொன்னார்.

மகன் கதவில் சாய்ந்து நின்று இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு போனை எடுத்து அந்த ஓனரைக் கூப்பிட்டான். "சார், அந்த ரூமை வேற யாருக்காவது குடுத்துடுங்க. இவங்க ரெண்டு பேரையும் கூட்டிட்டு வந்தா நான் காலி பண்ண வேண்டியிருக்கும்" என்றான். சொல்லிவிட்டு முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டான்.

நான் டீ போடுகிற சாக்கில் சமையலறைக்குள் போய் அழுதேன். ஒரு வருஷமாக நான் அவரைத் திட்டவே இல்லை. மூச்சு வாங்குகிற மனுஷனை எப்படித் திட்டுவது? பதில் சொல்ல அவரிடம் காற்று இல்லையே. எங்கள் வீட்டில் சத்தமே வராமல் இருந்தது. எவ்வளவு பொறுமை பாருங்கள் என்று பக்கத்து வீட்டுக்காரர்கள் என்னைப் பாராட்டினார்கள். அது பொறுமை இல்லை, பயம். அந்தப் பயம் அன்றைக்குத்தான் என்னை விட்டுப் போனது.

டீயை எடுத்துக்கொண்டு வந்து, அவர் வாங்கி வந்த நூலைப் பிரித்துப் பார்த்தேன். நான் கேட்டது ஆகாய நீலம், அவர் கொண்டுவந்தது கருநீலம். மறுநாள் காலையில் அதை மாற்றிக்கொண்டு வர அவரையே அனுப்பினேன்.